ஸ்மைல்: முடிவடையாத ஒரு ஆல்பத்தின் வரலாறு

ஸ்மைல், பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1966, 1967 ஆண்டுகளில் ஒலிப்பதிவு செய்து, முடிக்காமல் கைவிட்ட ஆல்பம். அதன் மேலுறை அச்சாகியது. விளம்பரங்கள் வெளிவந்தன. பாடல்களின் பெரும்பகுதி ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. ஆனால் இசைத்தட்டு மட்டும் வரவில்லை. அடுத்த 37 ஆண்டுகள் ரசிகர்கள் அதன் துண்டுகளைத் தேடிச் சேர்த்தனர். அவற்றின் வரிசையைப் பற்றி விவாதித்தனர். தாங்களே தொகுத்தும் பார்த்தனர். 2004-ல் அதை உருவாக்கிய பிரையன் வில்சன் புதிய இசைக்கலைஞர்களுடன் அதைப் பாடி நிறைவு செய்தார். 2011-ல் பழைய ஒலிநாடாக்கள் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டன.

வெளிவராத பாடல்கள் ஏறத்தாழ எல்லாப் பெரிய இசைக்குழுக்களிடமும் உண்டு. ஸ்மைல் அவற்றிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. அதன் ஒலிநாடாக்கள் தொலைந்துபோகவில்லை. எந்தத் துண்டு எதன்பின் வரவேண்டும் என்ற முடிவுதான் எடுக்கப்படவில்லை. அதனால் படைப்பாளி முடிக்காத ஒன்றைப் பிறர் முடிக்கலாமா, அப்படி முடித்தால் அது யாருடைய படைப்பு என்ற கேள்விகள் ராக் இசை வரலாற்றில் இந்த ஆல்பத்தைச் சுற்றியே அதிகமாகப் பேசப்பட்டன.

பின்னணி

பீச் பாய்ஸ் இசைக்குழு 1961-ல் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே உள்ள ஹாதோர்ன் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. பிரையன், டென்னிஸ், கார்ல் வில்சன் என்ற மூன்று சகோதரர்கள், அவர்களுடைய உறவுச் சகோதரர் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். 1962-ல் கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. கடல் அலைச்சறுக்கு, கார்கள், பள்ளிப்பருவக் காதல் ஆகியவை பற்றிய பாடல்களால் அவர்கள் புகழ்பெற்றனர்.

1964 டிசம்பரில் ஹூஸ்டன் நகருக்குச் சென்ற விமானத்தில் பிரையன் கடும் பதற்றத்துக்கு உள்ளானார். அதன்பின் அவர் குழுவுடன் சுற்றுப்பயணம் செய்வதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் மேடையில் பாடச் செல்ல, அவர் ஊரில் தங்கிப் பாடல்களை இயற்றி, லாஸ் ஏஞ்சல்ஸின் அனுபவமிக்க ஒலிப்பதிவுக்கூட இசைக்கலைஞர்களைக் கொண்டு இசையைப் பதிவுசெய்தார். 1965-ல் புரூஸ் ஜான்ஸ்டன் மேடையில் அவருடைய இடத்தை நிரப்பினார். ஸ்மைல் உருவான விதத்துக்கும் கைவிடப்பட்டதற்கும் இந்த வேலைப்பிரிவினை முக்கியமான காரணம். குழுவினர் பயணத்திலிருந்து திரும்பியபோது, தாங்கள் கேட்டிராத இசைக்குக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த முறையில் உருவான பெட் சவுண்ட்ஸ் 1966 மே 16-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் 10-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 2-ஆம் இடத்தையும் அடைந்தது. இன்று ராக் இசையின் செவ்வியல் ஆல்பங்களில் ஒன்றாக மதிக்கப்படும் இதை, கேபிடல் நிறுவனம் அன்று பெரிய வெற்றியாகக் கருதவில்லை. சில வாரங்களிலேயே குழுவின் பழைய வெற்றிப்பாடல்களின் தொகுப்பு ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது.

துண்டுகளால் ஆன பாடல்

பெட் சவுண்ட்ஸ் பணியின்போதே, 1966 பிப்ரவரியில், பிரையன் குட் வைப்ரேஷன்ஸ் பாடலைத் தொடங்கினார். அது முடிய செப்டம்பர் ஆகியது. ஒரு பாடலைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவுசெய்யும் வழக்கத்தை அவர் இதில் கைவிட்டார். பாடலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக, வெவ்வேறு ஒலிப்பதிவுக்கூடங்களில், பல விதமாகப் பதிவுசெய்தார். பின்பு ஒலிநாடாவைச் சவரப் பிளேடால் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்து, மூன்றரை நிமிடப் பாடலாக்கினார். ஒரு கூடத்தின் எதிரொலியிலிருந்து இன்னொரு கூடத்தின் எதிரொலிக்குப் பாடல் திடீரென மாறுவது கேட்பவருக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

1966 அக்டோபர் 10-ல் வெளிவந்த இப்பாடல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. ஒரு பாடலுக்குச் செய்ததை ஒரு முழு ஆல்பத்துக்கும் செய்யலாம் என்று பிரையன் நம்பினார். அந்த ஆல்பத்துக்கு முதலில் டம் ஏஞ்சல் என்றும் பின்னர் ஸ்மைல் என்றும் பெயர் வைத்தார்.

ஒலிப்பதிவு

ஸ்மைல் பாடல்களுக்கு வரிகள் எழுத வேன் டைக் பார்க்ஸ் என்ற இளம் இசைக்கலைஞரைப் பிரையன் அழைத்தார். அப்போது பிரையனுக்கு வயது 24, பார்க்ஸுக்கு 23. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய வெள்ளையர்கள், மேற்கு நோக்கிய பயணம், பழங்குடியினர், இரயில் பாதை, பண்ணைவீடு, ஹவாய்த் தீவுகள் எனப் பரந்த ஒரு நாட்டுச் சித்திரம் பாடல்களில் உருவாகியது. அதனுடன் குழந்தைப்பருவம், நகைச்சுவை, நிலம், நீர், தீ, காற்று ஆகிய மூலங்கள் பற்றிய இசை ஆகியவையும் சேர்ந்தன. பார்க்ஸின் வரிகள் நேரடியாகப் பொருள் தராதவை. சொல் விளையாட்டும் வரலாற்றுக் குறிப்பும் கலந்தவை. வெற்றிப்பாடல்களுக்குப் பழகிய மைக் லவ் இவ்வரிகளின் பொருள் என்ன என்று கேட்டார். இந்தக் கேள்வி பின்னாளில் ரசிகர்களிடையே நீண்ட சண்டைகளுக்குக் காரணமாகியது.

ஒவ்வொரு பாடலும் பல துண்டுகளாகப் பதிவாகியது. ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ் பாடலின் பணி 1966 மே மாதம் தொடங்கி 1967 ஜூன் வரை நீண்டது. அதற்கெனப் பதிவான சில துண்டுகள் வேறு பாடல்களுக்குச் சென்றன. வேறு பாடல்களின் துண்டுகள் இதற்குள் வந்தன. ஒரே இசைத்துணுக்கு ஒரு ஒலிநாடாப் பெட்டியில் ஒரு பெயரிலும் இன்னொரு பெட்டியில் வேறு பெயரிலும் குறிக்கப்பட்டது.

1966 நவம்பர் 28-ல் தீ பற்றிய இசை பதிவாகியது. 1871-ல் சிகாகோ நகரை எரித்த பெருந்தீக்கு ஒரு பசுமாடு காரணம் என்று சொல்லும் நாட்டுக்கதையை ஒட்டி, அது மிசஸ் ஓ'லியரிஸ் கவ் என்று பெயர் பெற்றது. இசைக்கலைஞர்கள் விளையாட்டுத் தீயணைப்புத் தொப்பிகள் அணிந்து வாசித்தனர். அந்நாட்களில் அருகே ஒரு கட்டடம் தீப்பிடித்ததை அறிந்த பிரையன், தன் இசைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அஞ்சினார். அந்த ஒலிநாடாவை அவர் எரித்துவிட்டார் என்ற செய்தி பல ஆண்டுகள் பரவியிருந்தது. உண்மையில் ஒலிநாடா பத்திரமாகவே இருந்தது.

1966 டிசம்பரில் 12 பாடல்களின் பட்டியல் ஒன்று கேபிடல் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. ஓவியர் ஃபிராங்க் ஹோம்ஸ், புன்னகைகளை விற்கும் ஒரு சிறு கடையின் படத்தை மேலுறைக்காக வரைந்தார். நிறுவனம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மேலுறைகளை அச்சிட்டது. பின்னுறையில் அந்த 12 பாடல்களும் இருந்தன. ஆனால் சரியான வரிசைக்குத் தட்டின் மையச்சீட்டைப் பார்க்கவும் என்ற குறிப்பும் இருந்தது. மையச்சீட்டு ஒட்டுவதற்குத் தட்டே உருவாகவில்லை. இந்தச் சிறு குறிப்பிலிருந்து ரசிகர்களின் விவாதம் தொடங்குகிறது.

கைவிடப்படுதல்

1967-ன் தொடக்கத்தில் ஸ்மைல் மீது பல சிக்கல்கள் ஒன்றாக வந்து விழுந்தன. ராயல்டி தொகை குறித்து இசைக்குழு கேபிடல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவ சேவையை மறுத்ததற்காகக் கார்ல் வில்சன் சட்ட நடவடிக்கையை எதிர்கொண்டார். பார்க்ஸ் வசந்தகாலத்தில் பணியிலிருந்து விலகினார். போதைப்பொருள் பழக்கமும் அச்சங்களும் பிரையனின் மனநிலையைக் குலைத்தன. முதலில் வரவேண்டியது ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸா, வெஜிடபிள்ஸா என்பதிலும் முடிவு மாறிக்கொண்டே இருந்தது.

1967 ஏப்ரல் 25-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தொகுத்து வழங்கிய ராக் இசை பற்றிய நிகழ்ச்சியில், பிரையன் பியானோவில் அமர்ந்து சர்ஃப்ஸ் அப் பாடலைப் பாடும் காட்சி ஒளிபரப்பாகியது. நாடெங்கும் மக்கள் ஸ்மைலின் ஒரு பாடலைக் கேட்டது அப்போதுதான். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, குழுவின் செய்தித்தொடர்பாளர் டெரெக் டெய்லர் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் ஸ்மைல் கைவிடப்பட்டதாக எழுதினார். ஆனாலும் மே மாத நடுவில் லவ் டு ஸே டாடா என்ற இசைக்கான அமர்வுகள் நடந்தன. எனவே ஆல்பம் எந்த நாளில் இறந்தது என்று சொல்வது கடினம். அதை நிறுத்துவதாக யாரும் ஓர் ஆணை இடவில்லை. வேலை மெல்ல மெல்ல நின்றுபோயிற்று.

1967 செப்டம்பரில் அதற்குப் பதிலாக ஸ்மைலி ஸ்மைல் என்ற எளிமையான ஆல்பம் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி பிரையனின் வீட்டிலேயே பதிவாகியது. ஸ்மைலின் சில பாடல்கள் அதில் முற்றிலும் வேறு வடிவில் புதிதாகப் பாடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் அது 41-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் சார்ஜண்ட் பெப்பர் ஆல்பம் வெளிவந்து உலகையே தன்பக்கம் திருப்பியிருந்தது.

காரணங்கள் பற்றிய விவாதம்

ஸ்மைல் ஏன் முடியவில்லை என்பதற்கு ரசிகர்கள் நெடுங்காலம் ஒரு வில்லனைத் தேடினர். சிலர் மைக் லவ்வைக் குறை கூறினர். சிலர் வணிக நோக்குள்ள நிறுவனத்தைக் குற்றம் சாட்டினர். சிலர் போதைப்பொருளை, சிலர் பீட்டில்ஸ் உடனான போட்டியைச் சுட்டினர். இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பின்னாளில் முழு ஒலிநாடாக்களும் வெளிவந்தபோது இன்னொரு காரணம் தெளிவாகியது. அது பணிமுறை சார்ந்தது.

குட் வைப்ரேஷன்ஸ் ஒரு பாடல். அதன் துண்டுகளை ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். ஸ்மைலில் ஒரு டசன் பாடல்களின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டிருந்தன. வெறும் 10 துண்டுகளை வரிசைப்படுத்தவே 36,28,800 வழிகள் உண்டு. கணினி இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு வரிசையையும் கேட்டுப்பார்க்க ஒலிநாடாவைப் பிரதி எடுத்து, வெட்டி, ஒட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரையன் கண்டுபிடித்த முறை அவரிடம் இருந்த கருவிகளைவிட முன்னே சென்றுவிட்டது. உடல்நலமும் துணையும் உள்ள ஒருவருக்கே அது கடினமான வேலை. இரண்டும் குறைந்துவந்த நேரத்தில் அது இயலாததாக ஆகியது.

வெளியே வந்த துண்டுகள்

கைவிடப்பட்ட பின்னும் ஸ்மைல் மறையவில்லை. குழுவினர் புதிய ஆல்பங்களுக்குப் பாடல்கள் தேவைப்பட்டபோது பழைய ஒலிநாடாக்களை எடுத்தனர். 1969-ல் வெளிவந்த 20/20 ஆல்பத்தில் அவர் பிரேயர், கேபினெசன்ஸ் ஆகிய இரண்டும் புதிய குரல்கள் சேர்க்கப்பட்டு இடம்பெற்றன. 1971-ல் ஒரு ஆல்பத்துக்கே சர்ஃப்ஸ் அப் என்று பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பாடலின் முதல் பகுதியில் 1966-ன் இசைமீது கார்ல் புதிதாகப் பாடினார். இரண்டாம் பகுதிக்குப் பிரையன் 1966-ல் பியானோவுடன் தனியே பாடிய பதிவு பயன்பட்டது. இறுதிப் பகுதிக்குச் சைல்ட் இஸ் ஃபாதர் ஆஃப் தி மேன் என்ற இன்னொரு ஸ்மைல் பாடலின் கரு எடுக்கப்பட்டது.

இந்தப் பாடல்களின் தரமே ரசிகர்களின் ஆவலைத் தூண்டியது. வெளிவந்த மூன்று நான்கு பாடல்கள் இவ்வளவு அழகு என்றால் மறைந்திருப்பவை எப்படி இருக்கும் என்று அவர்கள் எண்ணினர். 1967 அக்டோபரில் சீட்டா என்ற இதழில் ஜூல்ஸ் சீகல் எழுதிய கட்டுரை அந்த ஒலிப்பதிவு நாட்களை நேரில் கண்டவரின் சாட்சியமாக இருந்தது. கைவிடப்பட்ட மகத்தான படைப்பு என்ற தொன்மம் அங்கிருந்து வளர்ந்தது. கேட்காத இசையைப் பற்றி எழுதுவது எளிது. கேட்காதவரை எந்த இசையும் குறையற்றது.

ரசிகர்களின் ஸ்மைல்

வெளிவராத ராக் இசை இசைத்தட்டாகத் திருட்டுத்தனமாக விற்பனைக்கு வந்தது 1969-ல். பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் அடங்கிய கிரேட் ஒயிட் ஒண்டர் என்ற தட்டே முதல் புகழ்பெற்ற உதாரணம். அமெரிக்காவின் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கத் தொடங்கியது 1972 பிப்ரவரி 15-ல்தான். சட்டத்தின் இந்த இடைவெளியில் திருட்டுத் தட்டுகளின் சந்தை வேரூன்றியது.

ஸ்மைல் ஒலிநாடாக்களின் பிரதிகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து சேகரிப்பாளர்களிடையே கைமாறின. 1980-களின் தொடக்கத்தில் அவை திருட்டுத் தட்டுகளாக வந்தன. பிரதியின் பிரதியாக வந்த அவற்றில் இரைச்சல் மிகுதி. பாடல் பெயர்கள் தவறாக இருந்தன. ஸ்மைலோடு தொடர்பில்லாத பிற இசையும் அவற்றில் கலந்திருந்தது. 1980-களின் இறுதியில் குறுந்தகடு வந்தபின் தெளிவான பிரதிகள் கிடைத்தன. ரசிகர்கள் அவற்றை அஞ்சலில் பரிமாறிக்கொண்டனர். ரசிகர் இதழ்களில் குறிப்புகள் எழுதினர். டொமினிக் பிரையோர் 1960-களின் பத்திரிகைச் செய்திகள், விளம்பரங்கள், நேர்காணல்கள் ஆகியவற்றைத் திரட்டி ஸ்மைல் பற்றிய பெரிய தொகைநூல் ஒன்றை வெளியிட்டார்.

இந்த ரசிகர்கள் செய்தது சுவடிப் பதிப்பாளரின் வேலையை ஒத்தது. ஏடுகள் கட்டவிழ்ந்து கலந்துபோன ஒரு சுவடியைப் போல ஸ்மைல் அவர்கள் கையில் இருந்தது. பாடபேதங்களை ஒப்பிடுவதுபோல அவர்கள் ஒரே பாடலின் பல வடிவங்களை ஒப்பிட்டனர். மூலங்களைப் பற்றிய பாடல் குறித்த விவாதம் அதற்கு நல்ல உதாரணம். பின்னுறைப் பட்டியலில் தி எலிமெண்ட்ஸ் என்று ஒரு பாடல் இருக்கிறது. தீக்கான இசை அதன் பகுதி என்பதற்கு ஆதாரம் உண்டு. மற்ற மூன்றும் எவை? வெஜிடபிள்ஸ் நிலம், விண்ட் சைம்ஸ் காற்று, லவ் டு ஸே டாடா நீர் என்று ஒரு சாரார் பொருத்தினர். வெஜிடபிள்ஸும் விண்ட் சைம்ஸும் அதே பட்டியலில் தனிப்பாடல்களாக இருக்கின்றனவே, அவை எப்படி இன்னொரு பாடலின் பகுதியாகும் என்று மறுசாரார் கேட்டனர். லவ் டு ஸே டாடா அந்தப் பட்டியலுக்கு ஐந்து மாதங்கள் பிந்தியது என்றும் சுட்டினர். அழகான விளக்கம் ஒருபக்கம், ஆவணம் மறுபக்கம் என்று இந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

பலர் தங்களுக்கான ஸ்மைலைத் தாங்களே கேசட்டில் தொகுத்துக்கொண்டனர். லூயிஸ் ஷைனர் 1993-ல் எழுதிய கிளிம்ப்சஸ் என்ற நாவலின் நாயகன், கடந்த காலத்துக்குச் சென்று முடிவடையாத ராக் ஆல்பங்களை முடிக்கவைக்கிறான். அவற்றில் ஸ்மைலும் ஒன்று. ஒரு தலைமுறை ரசிகர்களின் ஏக்கத்தை அந்தக் கற்பனை காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். திருட்டுத் தட்டுகளின் வருமானம் இசைக்கலைஞர்களுக்குச் சேரவில்லை. அதைவிட முக்கியமானது, ரசிகர்கள் கொண்டாடிய அந்த ஆல்பம் பிரையனுக்குத் தன் வாழ்க்கையின் மிக மோசமான காலத்தின் நினைவாக இருந்தது. அவர் பல பத்தாண்டுகள் மனநோயால் அவதிப்பட்டார். நேர்காணல்களில் ஸ்மைல் பற்றிய பேச்சைத் தவிர்த்தார். அவர் எங்கு சென்றாலும் கேட்கப்பட்ட கேள்வி அதுவாகவே இருந்தது.

மறுவெளியீடுகள்

குறுந்தகடு பரவலானபோது நிறுவனங்கள் பழைய ஆல்பங்களைக் கூடுதல் பாடல்களுடன் மறுவெளியீடு செய்தன. 1990-ல் கேபிடல் நிறுவனம் ஸ்மைலி ஸ்மைல், வைல்ட் ஹனி ஆகிய இரண்டையும் ஒரே தகட்டில் வெளியிட்டது. அதில் ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ் பாடலின் வேறொரு வடிவம் சேர்க்கப்பட்டிருந்தது. 1993-ல் குழுவின் 30 ஆண்டுகளைக் குறிக்கும் ஐந்து தகடுகள் கொண்ட பெட்டித் தொகுப்பு வந்தது. அதில் ஏறத்தாழ அரை மணிநேர ஸ்மைல் இசை முதன்முறையாக நல்ல ஒலித்தரத்தில் அதிகாரபூர்வமாக வெளியாகியது. ரசிகர்கள் செவிவழியாக அறிந்த பல இப்போது ஐயமின்றி உறுதியாயின. சில ஊகங்கள் தகர்ந்தன.

1997-ல் தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ் என்ற தொகுப்பு வந்தது. பிரையனுக்கு வலது காதில் கேட்கும் திறன் இல்லை. அவர் தன் இசையை மோனோவில்தான் முடித்தார். இத்தொகுப்பில் இசைக்கான ஒலிநாடாவும் குரலுக்கான ஒலிநாடாவும் கணினியின் உதவியால் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு, பெட் சவுண்ட்ஸ் முதன்முறையாக முறையான ஸ்டீரியோவில் கேட்கக் கிடைத்தது. குரல் இல்லாத இசை, இசை இல்லாத குரல், ஒத்திகைப் பேச்சு ஆகியவையும் இடம்பெற்றன. முடிந்த பாடலை மட்டுமல்ல, அது உருவாகும் வழியையும் கேட்டு ரசிக்கும் பழக்கம் இத்தகைய தொகுப்புகளால் பரவியது. முடிவே இல்லாத ஸ்மைலுக்கு இந்தப் பழக்கம் வழிவகுத்தது.

2004: நிறைவு

1999-ல் பிரையன் இளைய இசைக்கலைஞர்கள் அடங்கிய புதிய குழுவுடன் மேடையேறத் தொடங்கியிருந்தார். பெட் சவுண்ட்ஸ் முழுவதையும் மேடையில் பாடினார். அடுத்ததாக ஸ்மைலை மேடையேற்றும் திட்டம் எழுந்தது. குழுவின் கீபோர்டு கலைஞர் டேரியன் சஹனாஜா பழைய ஒலிநாடாத் துண்டுகளைத் தன் மடிக்கணினியில் ஏற்றிப் பிரையனின் வீட்டுக்குக் கொண்டுசென்றார். அவர் இளவயது முதலே ஸ்மைலின் ரசிகர். இருவரும் ஒவ்வொரு துண்டாகக் கேட்டனர். பழைய வரித்தாள் ஒன்றில் படிக்க முடியாத ஒரு சொல்லைக் கேட்பதற்காகப் பிரையன் பார்க்ஸுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அதன்பின் பார்க்ஸும் வந்து சேர்ந்தார். வரிகள் இல்லாத இடங்களுக்குப் புதிய வரிகள் எழுதினார்.

2004 பிப்ரவரி 20-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஸ்மைல் முதன்முறையாக முழுமையாகப் பாடப்பட்டது. பிரையனுக்கு அப்போது வயது 61. அதே ஆண்டு செப்டம்பரில் பிரையன் வில்சன் பிரசண்ட்ஸ் ஸ்மைல் என்ற ஆல்பம் வெளிவந்தது. 1966-ல் பிளேடும் ஒட்டுநாடாவும் கொண்டு செய்யமுடியாத வரிசைப்படுத்தலை ஒரு மடிக்கணினி சில நொடிகளில் செய்துகாட்டியது. ஆனால் கருவி மட்டும் அதைச் செய்யவில்லை. துண்டுகளின் பெயர்களையும் உறவுகளையும் நினைவில் வைத்திருந்த ஒரு ரசிகர் பக்கத்தில் இருந்தார்.

2004-ன் ஸ்மைல் மூன்று பகுதிகள் கொண்ட தொடர் இசைக்கோவை. இதுவே பிரையன் 1966-ல் மனத்தில் கொண்டிருந்த வடிவம் என்று பலர் ஏற்றனர். சில ரசிகர்கள் ஏற்கவில்லை. 1966-ன் பட்டியல் 12 தனிப்பாடல்களைச் சொல்கிறது. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிட இசையே நன்றாக அடங்கும். மூன்று பகுதிகள் கொண்ட 47 நிமிட இசை இரண்டு பக்கத் தட்டுக்கு இயல்பாகப் பொருந்தாது. எனவே 2004-ன் வடிவம் ஒரு மீட்பு அல்ல, ஒரு புதிய படைப்பு என்பது அவர்களுடைய வாதம். ஆவணங்களைப் பார்த்தால் இந்த வாதமே வலுவானது. ஆனால் அதைப் படைத்தவர்களும் அவர்களே என்பதால் அந்த வடிவத்துக்கு வேறு எந்தத் தொகுப்புக்கும் இல்லாத உரிமை உண்டு.

2011: ஒலிநாடாக்கள்

2011 நவம்பர் தொடக்கத்தில் கேபிடல் நிறுவனம் தி ஸ்மைல் செஷன்ஸ் என்ற பெயரில் பழைய ஒலிநாடாக்களை வெளியிட்டது. மார்க் லினெட், ஆலன் பாய்ட், டென்னிஸ் வுல்ஃப் ஆகியோர் அதைத் தொகுத்தனர். பெரிய பதிப்பில் ஐந்து குறுந்தகடுகளும் இசைத்தட்டுகளும் இருந்தன. முதல் தகட்டில் முழு ஆல்பம் என்று கேட்கத்தக்க ஒரு வடிவம் இருந்தது. மற்றவற்றில் அமர்வுகளின் துண்டுகள் இருந்தன. 2013-ல் இது சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

முதல் தகட்டின் வரிசை 2004-ன் வரிசையைப் பின்பற்றியது. அதாவது 1966-ன் ஒலிநாடாக்கள், 2004-ல் கண்ட வடிவத்தின்படி, 2011-ல் தொகுக்கப்பட்டன. இதை இறுதிப் பதிப்பு என்று சொல்வது கடினம். ஆனால் மற்ற தகடுகளில் துண்டுகளையும் தந்ததன் மூலம் தொகுப்பாளர்கள் கேட்பவரும் தன் முடிவுக்கு வர இடம் தந்தனர். மூலப்பாடத்தையும் பதிப்பாசிரியரின் முடிவையும் பிரித்துக் காட்டுவது நல்ல பதிப்பின் இலக்கணம்.

அதன்பின் வெளிவராத இசை வெளிவருவதற்குச் சட்டமும் ஒரு காரணமாகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியது. ஆனால் 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு இந்த நீட்டிப்பு இல்லை. எனவே நிறுவனங்கள் தங்கள் பெட்டகங்களில் கிடந்த 1960-களின் பதிவுகளை அவசரமாக வெளியிட்டன. பீச் பாய்ஸின் 1963, 1964 ஆண்டுப் பதிவுகள் இவ்வாறு வந்தன. பாப் டிலன், பீட்டில்ஸ் ஆகியோரின் பழைய பதிவுகளும் வந்தன. ஒருகாலத்தில் திருட்டுத் தட்டில் மட்டுமே கிடைத்தவை இப்படிச் சட்டபூர்வமாகக் கிடைக்கத் தொடங்கின.

வரலாற்று இடம்

டென்னிஸ் வில்சன் 1983-லும் கார்ல் வில்சன் 1998-லும் காலமானார்கள். ஸ்மைல் நிறைவடைந்ததை இருவரும் கேட்கவில்லை. பிரையன் வில்சன் 2025 ஜூன் 11-ல் தன் 82-ஆம் வயதில் காலமானார். ஸ்மைலுக்கு அவர் தரக்கூடிய வேறு வரிசை இனி இல்லை.

ஸ்மைல் பெட் சவுண்ட்ஸைவிடச் சிறந்த ஆல்பமா என்ற கேள்விக்கு விடை கேட்பவரைப் பொறுத்தது. 1967-ல் வந்திருந்தால் அது ராக் இசையின் போக்கை மாற்றியிருக்கும் என்று சொல்வதும் ஊகமே. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு இசைக்குழுவின் கைவிடப்பட்ட ஒலிநாடாக்கள் ரசிகர்களின் கவனத்தால் 37 ஆண்டுகள் உயிரோடு இருந்தன. அவர்கள் துண்டுகளைப் பேணினர், ஒப்பிட்டனர், பெயரிட்டனர். படைத்தவர் மீண்டும் அதைத் தொடத் துணிந்தபோது அந்த அறிவு அவருக்குப் பயன்பட்டது. அதே ரசிகர்களின் ஆவல் அவர் மறக்க விரும்பியதை மறக்கவிடாமலும் செய்தது.

இன்று ஸ்மைலைக் கேட்க விரும்பும் ஒருவர் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். 1967-ன் ஸ்மைலி ஸ்மைல் களைத்துப்போன ஒரு குழு வீட்டில் அமர்ந்து பாடியது. 2004-ன் ஆல்பம் 62 வயதை எட்டிய ஒருவரின் குரலில் முடிவு காண்பது. 2011-ன் தொகுப்பு இளைஞர்களின் குரல்கள் முடிவின்றி நிற்பது. இந்த மூன்றில் எதுவும் அன்று அச்சான மேலுறைக்குள் செல்லவேண்டிய தட்டு அல்ல. அந்தத் தட்டை யாரும் கேட்டதில்லை.